நாணல் தண்டில் ஒரு துளை

அத்தை இருபது வருடமாகச் சதுப்பு நிலத்தில் நாணல் வெட்டி விற்கிறார். அன்று ஒரே ஒரு தண்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் வனத்துறை அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நான் அங்கே பூச்சிகளைக் கணக்கெடுப்பவள், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி.

"இந்தாடி, நீ தேடுற மகாராணி இவளான்னு பாரு." சிரித்துக்கொண்டே துண்டைப் பிரித்தார்.

தண்டில் கடுகளவு துளை. உள்ளே பழுப்புக் கோடு போட்ட புழு. நான் தேடிய, புல் தண்டைக் குடையும் அந்துப்பூச்சியின் புழு அது. அந்தப் பூச்சி இந்தப் பக்கத்தில் அழிந்துவிட்டதாகவே பதிவேடு சொல்கிறது. இருக்கிறது என்று எழுதினால் சதுப்பையே பூட்டிவிடுவார்கள். அத்தைக்கு நாணல் வெட்ட இடமிருக்காது. எழுதாவிட்டால் எதற்குப் படித்தேன்?

"இவதான் அத்தை. பேசாம தூக்கிப் போட்டுடவா?"

"அடிப்பாவி, எனக்காகப் பொய் எழுதுவியா? வடக்கு மூலையில, தண்ணி வத்தாத பள்ளத்துல மட்டும்தான் இந்தத் துளை இருக்கு. வேற எங்கயும் நான் பாத்ததில்ல. அதை அப்படியே எழுது."

படிவத்தில் 'வாழிடம்' என்ற இடத்தில் வழக்கமாகச் 'சதுப்பு' என்று மட்டும் எழுதுவோம். நான் அந்தப் பள்ளத்தின் நீள அகலத்தையும் எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படித்தார்.

"பள்ளத்தை மட்டும் பூட்டுவாங்களாடி?" கதவுக்கு வெளியே என்னோடு நின்ற அத்தை கேட்டார்.

"தெரியல அத்தை" என்று அவர் துண்டை மடித்துக் கையில் கொடுத்தேன்.