அறுபது லிட்டரில் இரண்டு மீன்கள்

எட்டாள் (1949–2018). பணிப்பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. ஆனால் மின்தூக்கி ஆய்வுப் பிரிவில் அவர் பணியாற்றிய முப்பத்தோராண்டுகளில் அப்பெயரைச் சொல்லி அவரை அழைத்தவர் எவருமில்லை. எட்டுப் பேருக்கான மின்தூக்கியில் ஒன்பதாமவர் ஏறினால், இவர் இறங்கிப் படிவழியே போய்விடுவார். ஏழாம் மாடியானாலும் அப்படித்தான். பயப்படுவதற்காகவே அவருக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று உடன் வேலை பார்த்த நாங்கள் கேலி செய்வோம். மறுக்க மாட்டார்.

ஓய்வுபெற்ற ஐந்தாம் ஆண்டில் அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் செயலிழந்தது, பேச்சும் போயிற்று. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் ஒன்றே ஒன்று சொன்னார்: அசைகிற பொருள் எதையாவது கண்ணால் தொடர்ந்து பார்க்கச் செய்யுங்கள், கண் தொடர்கிறவரைக்கும் அவர் நம்மோடு இருக்கிறார் என்று பொருள். எட்டாள் மின்விசிறியைக் காட்டினார், தொலைக்காட்சியைக் காட்டினார், சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார். கண் அசையவில்லை. ஒருநாள் சக்கர நாற்காலியில் தெருவில் தள்ளிச் சென்றபோது, அலங்கார மீன்கடையின் கண்ணாடிக்குள் ஆரஞ்சும் வெள்ளையுமான கோமாளி மீன் ஒன்று இடமிருந்து வலமாகப் போயிற்று. அம்மையாரின் கண்ணும் இடமிருந்து வலமாகப் போயிற்று.

அது கடல்மீன், உப்புநீரில்தான் வாழும். கடைக்காரம்மா அன்றே மீன் தர மறுத்துவிட்டார். முதலில் தொட்டி, மணல், கடற்பாறைத் துண்டுகள், உப்புநீர். மீனின் கழிவிலிருந்து நீரில் அமோனியா என்னும் நஞ்சு உண்டாகும். பாறையில் வளரும் நுண்ணுயிர்கள்தாம் அதை மாற்றி நீரைக் காக்கும். அவை பெருக ஆறு வாரமாகும். அதன்பின் ஒரு மீன். ஒரு மாதம் கழித்து இன்னொன்று.

“அறுபது லிட்டர் தொட்டி சார். கல்லும் மண்ணும் போக நாப்பத்தஞ்சுதான் தண்ணி. ரெண்டு மீன். ரெண்டுன்னா ரெண்டுதான்.”

எட்டாள் சொன்னபடியே செய்தார். 2015 மே மாதத்தில் இரண்டு கோமாளி மீன்களும் தொட்டியில் இருந்தன. கட்டிலிலிருந்து நேர்ப்பார்வைக்கு எட்டும் உயரத்தில் தொட்டியை வைத்திருந்தார். காலையில் விளக்கைப் போட்டதும் அம்மையாரின் கண்கள் மீனோடு புறப்படும், பாறையைச் சுற்றும், மூலைக்குப் போய்த் திரும்பும். எட்டாள் சவரம் செய்துகொள்ளாமல் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மீனுக்கு ஏதேனும் ஆகிவிட்டால் என்ற எண்ணம் வந்ததும் எழுந்துபோய்ச் சோதனைக்குழாயில் தொட்டி நீரெடுத்துச் சொட்டு மருந்திட்டுச் சோதிப்பார். மஞ்சள் நிறம் என்றால் நஞ்சில்லை. நாளுக்கு மூன்று முறை மஞ்சளைப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

ஜூலை 12, ஞாயிறு. அம்மையாரின் அண்ணன் நான்கு மணிநேரப் பேருந்துப் பயணம் செய்து வந்து இறங்கினார். கையில் நீரும் காற்றும் அடைத்த பிளாஸ்டிக் பை. பைக்குள் விரல் நீளத்தில் நான்கு நீல மீன்கள்.

“என்ன மச்சான் இது?”

“என்னன்னா? மீனு. என் தங்கச்சி ரெண்டே ரெண்டை எத்தனை நாளைக்குத்தான் பாத்துக்கிட்டிருப்பா? கடல்மீன்தானான்னு நாலு தடவ கேட்டுத்தான் வாங்குனேன்.”

“ரெண்டுதான் போடணும்னு கடைக்காரம்மா சொல்லியிருக்காங்க.”

“நீங்க லிஃப்ட்டுலயும் இதத்தான் சொல்லுவீங்க. இதுங்க நாலும் சேந்து என் சுண்டுவிரல் கனம்கூட இருக்காது மாப்ள!”

இந்த இடத்தில் எட்டாள் செய்த பிழை அவருடைய தொழிலைச் சேர்ந்தவர் மட்டுமே செய்யக்கூடியது. மின்தூக்கியில் எட்டுப் பேர் என்று பலகை இருந்தால், அதன் இரும்புக் கயிறுகள் எண்பது பேரின் எடையைத் தாங்கும்படி அமைந்திருக்கும். பயணிகளுக்கு இது தெரியாது, ஆய்வாளருக்குத் தெரியும். பலகையில் இருக்கும் எண் எப்போதும் குறைத்தே எழுதப்படுவது. பணிக்காலம் முழுவதும் அந்த உபரியை அவர் ஒருவரையும் தொடவிட்டதில்லை. ஆனால் அது அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இரவில் உறங்கினார். கடைக்காரம்மா சொன்ன இரண்டையும் ஒரு பலகை என்றே அவர் மனம் எடுத்துக்கொண்டது. பையிலிருந்த மீன்கள் ஏற்கெனவே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அம்மையார் கட்டிலில் இருந்து பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கையும் விட்டார்.

அன்று மாலை அம்மையாரின் கண்கள் அதுவரை ஓடாத வேகத்தில் ஓடின. அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எட்டாளும் மகிழ்ந்தார், ஆனால் அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று அவருடைய மகள் சொல்கிறார்.

திங்களன்று நீல மீன்கள் தொட்டியைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, கோமாளி மீன்களைத் துரத்தத் தொடங்கின. செவ்வாயன்று இரண்டும் பாறைக்குப் பின்னால் ஒடுங்கிவிட்டன. கட்டிலிலிருந்து பார்த்தால் தெரியாத மூலை. புதன் காலை ஆறு மீன்களும் நீர்மட்டத்துக்கு வந்து, செவுள் படபடக்க மூச்சுக்குத் தவித்தன. எட்டாள் குழாயில் மருந்திட்டார். மஞ்சள் வரவில்லை. இளம்பச்சை வந்தது, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரும்பச்சையாயிற்று. குழாயை மூடும் அவசரத்தில் மருந்து சட்டையில் சிந்தியது. அதே சட்டையோடு கடைக்கு ஓடினார்.

கடைக்காரம்மா அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்தார். குழாயைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

“எத்தனை போட்டீங்க?”

“நாலு.”

“மொத்தம் நாலா?”

“கூட நாலு.”

“ஏன் சார், படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

“கொஞ்சம் தாங்கும்னு நெனச்சேம்மா. நீங்க ரெண்டுன்னா ஒரு நாலஞ்சு தாங்குற மாதிரிதான் சொல்லியிருப்பீங்கன்னு.”

“நான் என்ன மிச்சம் வச்சுக்கிட்டா சொன்னேன்? உங்க லிஃப்ட்டுல பாரம் ஏறிப்போச்சுன்னா மணி அடிக்கும், கதவு மூடாது. இங்க எல்லாமே உள்ள போயிரும் சார், ஒரு சத்தம் வராது. கல்லுல இருக்கிற பூச்சி ரெண்டு மீனோட கழிவுக்குத்தான் வளந்திருக்கு. ஒரே நாள்ல மூணு மடங்குன்னா அது என்ன பண்ணும்?”

“இப்ப என்ன செய்யணும்?”

“ஆறையும் கொண்டாங்க. என் பெரிய தொட்டியில விடுறேன். நீங்க தெனம் அஞ்சுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க. பச்சை போய் மஞ்சள் வரணும். பத்துநாள் ஆகும்.”

“பத்துநாள் வெறும் தொட்டியா?”

“வெறும் தொட்டிதான்.”

“அவ எதைப் பாப்பா?”

கடைக்காரம்மா உள்ளே போனார். மூடியுள்ள இரண்டு வாளிகளை எடுத்துக் கொடுத்தார்.

பாறைகளை வெளியே எடுக்காமல் மீன்களைப் பிடிக்க முடியவில்லை. மச்சான் சட்டையைக் கழற்றிவிட்டுக் கையை முழங்கைவரை நீரில் விட்டார். “ஏத்துறது சுலுவா இருந்துச்சு மாப்ள, எறக்குறதுக்குத்தான் உசுரு போவுது” என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. அம்மையார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி மீன் வாளிக்குள் போனதும் கண்கள் வாளியைத் தொடர்ந்து கதவுவரை வந்தன.

பெரிய கோமாளி மீன் அன்று மாலையே கடையில் இறந்தது.

வெறுந்தொட்டியின் விளக்கை எட்டாள் அணைக்கவில்லை. முதல் நாள் அம்மையார் தொட்டியைத் துழாவினார். மூலைக்கு மூலை, பாறைக்குப் பாறை. இரண்டாம் நாள் மதியத்துக்குள் துழாவல் நின்றது. மூன்றாம் நாள் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. பயிற்சி கொடுக்க வரும் பெண் கைவிளக்கை அசைத்துப் பார்த்தார். விரலைச் சொடுக்கிப் பார்த்தார்.

“கண்ணு தொடரலையே அங்கிள். போன வாரம் நல்லா இருந்துச்சே, என்ன ஆச்சு?”

என்ன ஆயிற்று என்பதை அவர் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. சொன்னது மகளிடம்தான், தொலைபேசியில்: “உங்கம்மாவ நானே அனுப்பிச்சிட்டேன் போலிருக்கும்மா.”

மச்சான் ஊருக்குப் போகாமல் கூடத்திலேயே படுத்துக் கிடந்தார். நாள்தோறும் இருவருமாக நீரை மாற்றினார்கள். ஒருவர் உப்பைக் கரைப்பார். மற்றவர் வாளியைத் தூக்குவார். கரும்பச்சை, பச்சை, இளம்பச்சை. பதினோராம் நாள் மஞ்சள் வந்தது. அன்று எட்டாள் நான்கு முறை சோதித்தார். மறுநாளும் மஞ்சள் வந்த பிறகே கடைக்குப் போய், எஞ்சிய ஒரு கோமாளி மீனைக் கொண்டுவந்து விட்டார்.

அம்மையார் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. மீன் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. எட்டாள் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்க்கும் அந்தக் கண்களைப் பார்த்தபடியே இருந்தார். மூன்றாம் நாள் காலை தீனி போட எழுந்தார். விரல்நுனியில் தீனியோடு அவர் கை தொட்டிக்கு மேலே போனபோது, தலையணையில் ஏதோ உரசும் ஓசை கேட்டது. அம்மையாரின் முகம் பாதி திரும்பியிருந்தது. கண்கள் முதலில் அவர் கைக்கு வந்தன; கையிலிருந்து விழுந்த தீனிக்கு வந்தன; தீனியைக் கொத்திய மீனுக்கு வந்தன; மீனோடு பாறையைச் சுற்றிப் போயின.

“மச்சான்” என்று கூப்பிட்டாராம். “மெதுவா வாங்க. சத்தம் போடாதீங்க.”

இரண்டு மாதம் கழித்து, இன்னொன்று விடலாம் என்று கடைக்காரம்மாவே சொன்னார். எட்டாள் வேண்டாமென்றார். தாங்கும் என்றார் அவர். தாங்கும் என்ற சொல்லைத் தன் வீட்டில் இனி யாரும் சொல்ல வேண்டாம் என்றார் இவர். மூன்றாண்டுகளுக்கு மேலாக அத்தொட்டியில் ஒரே மீன்தான் இருந்தது. அம்மையார் பேசவில்லை, எழவில்லை. கண்கள் மட்டும் அந்த ஒன்றோடு ஓடின. எட்டாளின் அச்சமும் ஒருநாள்கூட ஓயவில்லை. மகள் வரும்போதெல்லாம் சோதனை செய்யும் முறையைச் சொல்லிக்கொடுப்பார், செய்துகாட்டச் சொல்வார், மறுமுறை வரும்போது முதலிலிருந்து தொடங்குவார்.

மனைவிக்கு முன்னதாகவே அவர் போய்ச் சேர்ந்தார். தொட்டி நீரை அவர் கடைசியாகச் சோதித்தது 2018 நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு. மஞ்சள்.