பதினேழாம் எலி

கணையத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். அப்படி நினைக்க எனக்கு உரிமையும் இருந்தது. திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருடமாக நான் பார்த்துவந்தது அதைத்தான்: கர்ப்பமான சுண்டெலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் எப்படிப் பெருகுகின்றன என்று.

விஷயம் எளிது. கணையத்தின் பெரும்பகுதி செரிமான நீர் சுரக்கிறது. அதற்குள் அங்கங்கே சின்னச் சின்னத் திட்டுகள். இன்சுலின் அங்கேதான் உண்டாகிறது. வளர்ந்த உடம்பில் அந்தச் செல்கள் மகா சோம்பேறிகள், இரண்டாகப் பிரிவது அபூர்வம். கர்ப்பம் வந்துவிட்டால் நச்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை ஒழுங்காக வேலை செய்ய விடாது. ஆனால் அதே ஹார்மோன்களில் சில இந்தச் சோம்பேறிகளைத் தட்டி எழுப்பவும் செய்யும். எழுந்தவை பருக்கும், பிரியும், திட்டு பெரிதாகும், கூடுதல் இன்சுலின் வரும். பிரசவம் முடிந்தால் எல்லாம் பழைய அளவுக்குத் திரும்பும். இன்சுலின் இருக்கும் செல்லுக்குப் பச்சைச் சாயம், பிரியத் தயாராகும் உட்கருவுக்குச் சிவப்பு. பச்சைக்கு நடுவே சிவப்புப் புள்ளிகளை எண்ணுவதுதான் என் பிழைப்பு.

அப்படி எண்ணிக்கொண்டிருந்த வருடம் நானே கர்ப்பமானேன். ஆறாம் மாதம் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை கூடுதல். லேப்பில்தான் தப்பு என்று சண்டை போட்டு மறுபடியும் எடுக்க வைத்தேன். மறுபடியும் கூடுதல். இரண்டு வாரம் சோற்றைக் குறைத்தேன். தினமும் காலையில் ஆரியசாலை வீட்டிலிருந்து பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வரை நடந்து, தேங்காய் உடைக்கிற கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை அசையவில்லை. இன்சுலின் ஊசி தொடங்கலாம் என்றார் டாக்டர்.

நான் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினேன். எலியின் கர்ப்பம் ஏறத்தாழப் பத்தொன்பது நாள். செல்கள் மும்முரமாகப் பிரிவது பதினான்காம் நாள் வாக்கில். அதை மனிதக் கணக்குக்கு நீட்டினால் இருபத்தொன்பதாம் வாரம். எனக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. இன்னும் மூன்று வாரம் பொறுத்தால் என் செல்கள் தாமாகவே பெருகிவிடும் என்று கோடும் அம்புக்குறியும் போட்டு விளக்கியிருந்தேன்.

டாக்டர் மலையாளி, எங்களைப் போன்றவர்களிடம் தமிழ் பேசுவார். தாளை நிதானமாகப் பார்த்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கு. பக்ஷே இதில மனுஷ்யர் எத்தனை பேருண்டு?"

"ஒருத்தரும் இல்ல."

"ஒரு வாரம் தரேன். திங்கக்கிழமை ஊசி, கேட்டோ? சுகர் கூடினா குழந்தைக்குத்தான் கஷ்டம். அளவுக்கு மேல வளரும், பிறந்த உடனே அதுக்கு சுகர் இறங்கிப் போகும்."

எனக்குத் தெரியாததா? திங்கட்கிழமை வரட்டும், இன்னும் இரண்டு வாரம் வாதாடி வாங்கிவிடலாம் என்று வீட்டுக்கு வந்தேன். என் கணவருக்கு ஆரியசாலையில் மிளகாய் வற்றல் மொத்தக்கடை. கடையிலிருந்து வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நீ படிச்சவதான், யாரு இல்லேன்னா? டாக்டரும் படிச்சிட்டுல்லா உக்காந்திருக்காங்க."

"அவங்க எல்லாத்துலயும் கொஞ்சம் படிச்சவங்க. நான் இத மட்டும் படிச்சவ."

பிடித்த முயலுக்கு மூன்றே கால். என் விஷயத்தில் முயல் எலியாக இருந்தது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை ஆய்வுக்கூடத்தில், தைரியத்துக்காகவே பதினான்காம் நாள் ஸ்லைடுகளை எடுத்து வைத்துக்கொண்டேன். பார்த்தவை எல்லாம் பெரிய பச்சைத் திட்டுகள், நிறையச் சிவப்பு. மனம் நிறைந்தது. பெட்டியின் கடைசியில் பதினேழாம் எலியின் ஸ்லைடு கிடந்தது. நோட்டைப் புரட்டினேன். அந்த எண்ணுக்கு எதிரே என் கையெழுத்து: "சாயம் பிடிக்கவில்லை, விலக்கு." அதே வரியில் அதன் ரத்தச் சர்க்கரை. அந்தக் கூட்டத்திலேயே அதிகம்.

ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பச்சை இருந்தது, சிவப்பு இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் அப்படி எழுதியிருக்கிறேன். ஆனால் கணையத்தை வெட்டும்போது அதை ஒட்டிய சிறுகுடலில் ஒரு துணுக்கையும் சேர்த்தே வைப்போம். குடல் செல்கள் ஓயாமல் பிரிகிறவை. அங்கே சிவப்பு தெரிந்தால் சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது, தெரியாவிட்டால் கோளாறு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் அதட்டிச் சொல்லித்தரும் பாடம் இது. ஸ்லைடை ஓரத்துக்கு நகர்த்தினேன்.

குடல் துணுக்கு முழுவதும் சிவப்பு.

சாயத்தில் ஒரு கோளாறும் இல்லை. அந்த எலிக்குச் செல்கள் பெருகவில்லை, அதுதான் உண்மை. என் கோட்டுக்கு ஒத்துவராத ஒரு தாயை, ஓரத்தைக்கூடப் பார்க்காமல் ஒதுக்கித் தள்ளியிருக்கிறேன். மிச்சத்தை வைத்துக் கோடு வரைந்து, அந்தக் கோட்டை நம்பி என் குழந்தையைக் காக்க வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பயமும் வந்தது, ஐந்து வருடத்தில் அந்த அறையில் நான் பட்ட முதல் பயம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்த பிறகும் தெரியாமல் இருந்தது.

திங்கட்கிழமை வரை இருக்கவில்லை. அன்றே கணவரையும் கூட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு தாள் இல்லே?"

"ஊசி குடுங்க டாக்டர்."

அவர் மருந்துச் சீட்டை எழுதினார். பேனா போல இருந்த ஊசியை எப்படிப் பிடிப்பது என்று காட்டித் தந்தார். முதல் ஊசியைத் தொடையில் நானே போட்டுக்கொண்டேன். மூட்டை மிளகாயை முகம் சுளிக்காமல் கொட்டும் என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

சில நாட்களில் சர்க்கரை இறங்கியது. மகள் உரிய எடையோடு பிறந்தாள். அவள் குதிகாலில் குத்தி எடுத்த துளி ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கிறது என்று நர்ஸ் சொன்னதும் நான் அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போனதும் ஒதுக்கி வைத்த ஸ்லைடுகளை எல்லாம் மறுபடி எண்ணினேன். பதினேழைக் கணக்கில் சேர்த்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அதில் வருத்தம்தான். கோடு அவ்வளவு அழகாக இருந்ததே என்றார். அழகாகத்தான் இருந்தது. தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கோட்டைப் புதிதாக வரைந்தேன்.

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வின்போது, வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் திரையில் அடியில் கிடந்த ஒற்றைப் புள்ளியைக் காட்டினார். எல்லா எலிகளும் மேலே போகும்போது இது மட்டும் ஏன் கீழே கிடக்கிறது, இதை விலக்கியிருக்கலாமே என்றார்.

"விலக்கித்தான் வைத்திருந்தேன் சார், பார்க்காமலே ஒரு காரணத்தை எழுதி," என்றேன்.

பின்னே எதற்காகத் திரும்ப எடுத்தீர்கள் என்று கேட்டார். கடைசி வரிசையில் என் கணவரின் மடியில் மகள் அவர் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் இன்சுலின் போதவில்லை சார். எனக்கு ஒரு டாக்டர் இருந்தார். அந்த எலிக்கு நான் மட்டும்தான் இருந்தேன்."