பதினாலாம் வீட்டின் மண்

அந்த ஓடைக்குப் பெயர் கிடையாது. விண்ணப்பத்தில் பெயருக்கென்று ஒரு கட்டம் இருந்ததால் அவர் 'ஓடை 2' என்று எழுதினார். ஓடை 1 பத்து வருடங்களுக்கு முன்பே வேறொரு கோப்பில் குழாய்க்குள் போய்விட்டது. எண்கள் அவர் போட்டவை. இலாகா அதைப் பற்றிக் கேட்டதில்லை.

கம்பெனியில் அவரைக் கொக்கு என்பார்கள். ஆறடி உயரம், மெலிந்த கழுத்து, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். சதுப்பில் இறங்கினால் அசையாமல் நெடுநேரம் நிற்பார். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராக. ஒருநாள் தொலைபேசியை எடுத்து அவரே "கொக்கு பேசறேன்" என்றார். அதோடு கேலி முடிந்து அது பெயராகிவிட்டது.

இருபத்திரண்டு வயதில் நில அளவையாளர் ஒருவருக்குச் சங்கிலி பிடிக்கப் போனவர். கடந்த பத்தொன்பது வருடங்களாக வீடு கட்டும் கம்பெனிக்குச் சதுப்பு நில அனுமதியும் ஓடை அனுமதியும் வாங்கித் தருகிறார். இலாகா அலுவலகத்தில் எந்த மின்விசிறி சுற்றும், எந்தப் பெஞ்சின் கால் ஆடும் என்பதெல்லாம் தெரியும். ஒரே ஒரு தடவை பெண் பார்க்கப் போனார். என்ன வேலை என்று அந்தப் பெண் கேட்டாள். "சேத்துக்கு அனுமதி வாங்கற வேலை" என்றார். அவள் சிரித்தாள். வேறொன்றும் நடக்கவில்லை.

அக்காவும் அவரும் மூன்றாவது மாடியில் இரண்டு அறைகளில் இருந்தார்கள். லிஃப்ட் கிடையாது. அத்தான் இறந்த பிறகு அக்கா இரண்டு பெட்டிகளுடன் வந்தாள், பதினோரு வருடம் ஆகிறது. இப்போது இரண்டு மூட்டும் போய்விட்டன. நான்கு மாதங்களுக்கு முன் டாக்டரிடம் போக, அவரும் கீழ்வீட்டுத் தையல்காரரும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இறக்கினார்கள்.

"நான் என்ன பீரோவாடா, ரெண்டு பேரு சேர்ந்து தூக்க?" என்றாள் அக்கா. திரும்பி ஏறியதோடு சரி. அதன்பிறகு கீழே இறங்கவில்லை.

ஓடை 2-க்குப் பக்கத்தில் வரப்போகும் குடியிருப்பில் பதினாலாம் எண் வீடு அவளுக்காகத்தான். ஊழியர் சலுகையில் பதிவு செய்திருந்தார். தரைத்தளம், படி இல்லை, கதவைத் திறந்தால் தெரு. வரைபடத்தில் அக்கா பென்சிலால் கட்டிலைப் போட்டாள், அழித்தாள், ஜன்னலோரம் மறுபடி போட்டாள்.

"இங்க உக்காந்தா போறவங்க வரவங்க எல்லாரையும் பாக்கலாம்" என்றாள். "பதினோரு வருஷமா உன் மூஞ்சியவே பாத்துட்டிருக்கேன்."

இலாகாவிலிருந்து கோப்பு திரும்பி வந்தது. முதல் ஆய்வு கோடையில் செய்யப்பட்டது, மழைக்காலத்தில் மீண்டும் செய்யவும் என்று எழுதியிருந்தார்கள். மழையில் போய்ச் செய்தார். திருகுக் கம்பியை மண்ணில் இறக்கி ஒரு முழம் ஆழத்து மண்ணை எடுத்துப் பார்க்கவேண்டும். சாம்பல் நிறமாகவும் இடையிடையே துருப்பிடித்தாற்போல் புள்ளிகளுமாக இருந்தால் அங்கே தண்ணீர் நிற்கிறது, அது சதுப்பு, வீடு கட்டக்கூடாது. பழுப்பாக இருந்தால் காய்ந்த நிலம். இரண்டும் மாறும் இடத்தில் ஒரு சிறு கொடி. இப்படி அறுபத்து மூன்று கொடிகள் நட்டார். நாற்பத்தொன்றாம் கொடியில் கோடு வளைந்து, பதினொன்று முதல் பதினாலு வரையுள்ள வீடுகளைச் சதுப்புக்குள் இழுத்துக்கொண்டது. மண்ணை இரண்டு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். இன்னும் இரண்டு இடத்தில் கம்பியை இறக்கினார். பிறகு கொடியை நட்டார்.

ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. கோடு இன்னும் காகிதத்துக்கு வரவில்லை. இலாகா ஆய்வாளர் வந்து கொடிகளோடு நடந்து, ஓரிடத்தில் மண்ணைச் சோதித்து, இருவரும் கையெழுத்திட்டால்தான் அது எல்லை.

ஆய்வு நாளன்று காலையில் மேஸ்திரி வழியிலேயே எதிர்கொண்டார்.

"சார், உங்க கொடிய வந்து பாருங்க."

புதர்களை வெட்டியிருந்தார்கள். அறுபத்து மூன்று கொடிகளும் ஒரே நேர்க்கோட்டில் நின்றன.

"புதர் வெட்டறதுக்குப் புடுங்கினோம். திருப்பி நடும்போது நூல் புடிச்சு நட்டுட்டேன். நீங்க நட்டது குடிச்சவன் நடந்த மாதிரி இருந்துச்சு சார், தப்பா எடுத்துக்காதீங்க. அதிகாரி வர்ற எடம், பாக்க லட்சணமா இருக்க வேணாமா?"

முப்பது வருடம் சுவர் எழுப்பியவர். கோணலாக ஒன்று நின்றால் அவரால் சும்மா இருக்க முடியாது.

"எண்ணிக்குங்க சார். ஒண்ணு குறையாது."

அவர் எண்ணினார். குறையவில்லை. புதிய கோட்டுக்கு வெளியே, பன்னிரண்டடி தூரத்தில், பதினாலாம் வீட்டின் அடையாளக் கல் காய்ந்த நிலத்துக்காரனைப் போல நின்றது. யாரும் பொய் சொல்லவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

ஆய்வாளர் அம்மா குடையும் பூட்ஸுமாக வந்தார். கொடிகளை ஒட்டி நடந்தார்.

"இந்தத் தடவை ரொம்ப நேரா இருக்கே."

"நம்ம கைவேலை மேடம்" என்றார் மேஸ்திரி.

"சதுப்பு உங்க பேச்சக் கேக்குது போல" என்றார் ஆய்வாளர். பிறகு கொக்கின் பக்கம் திரும்பினார். "கம்பிய எங்க போடலாம் சார்?"

விதிப்படி இடத்தை அவர்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். ஆனால் எப்போதும் இவரைத்தான் கேட்பார். பத்தொன்பது வருடங்களாக இந்தக் கேள்விக்கு இவர் சந்தேகமான இடத்தையே காட்டிவந்தார். சந்தேகம் முதலிலேயே தீர்ந்தால் கோப்பு திரும்பி வராது என்பது இவர் எண்ணம். அன்றும் கை நீண்டது. அது பதினாலாம் வீட்டின் சமையலறை என்று கைக்குத் தெரியுமா என்று பிற்பாடு யோசித்தார். தெரியும்.

கம்பி சாம்பல் மண்ணோடு மேலே வந்தது.

"ஐயோ சார்" என்றார் மேஸ்திரி, மெதுவாக.

"கொடிய யாரு மாத்துனது?" என்றார் ஆய்வாளர்.

"புதர் வெட்டினப்போ புடுங்கிட்டாங்க மேடம். பழைய குழி இருக்கும். திருப்பி நட்டுடறேன்" என்றார் கொக்கு.

"எனக்கு இன்னும் மூணு எடம் பாக்கணும். முடிச்சுட்டு வரேன், அதுக்குள்ள நட்டு வைங்க."

நட்டுவைத்தார். மாலையில் இருவரும் கையெழுத்திட்டார்கள். அவருக்கு எதுவும் தோன்றவில்லை. பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

ஆறு வாரத்தில் அனுமதி வந்தது, நான்கு வீடுகள் நீங்கலாக. முதலாளி கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"நீ யாருக்குய்யா வேலை பாக்கற, கொக்கு?"

அவர் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிக் கோப்பில் சேர்த்தார்.

"சரி, வந்ததே பெருசு. பின்னாடி பிளாக்ல ரெண்டாவது மாடி காலியா இருக்கு, அந்த நாலு பேருக்கும் அதக் குடுக்கலாம். நீயே போன் பண்ணிச் சொல்லிடு."

அன்று மாலை அக்காவிடம் சொன்னார்.

"அவங்களா கண்டுபிடிச்சாங்களா, நீ காட்டினியா?"

"நான்தான் காட்டினேன்."

"ஏன்டா?"

"மழைக்காலத்துல தரைக்குள்ளேர்ந்து தண்ணி வரும்க்கா. சுவத்துல ஏறும்."

"கட்டில் மேலதான உக்காந்திருக்கப் போறேன்? கட்டில் வரைக்குமா ஏறும்?"

"அவ்வளவு ஏறாது."

"அப்ப உனக்கென்ன?"

அக்கா நான்கு நாட்கள் அவரோடு பேசவில்லை. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு" என்று சுவரிடம் சொன்னாள். அவர் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டிலிருந்தே மற்ற மூவரையும் அழைத்தார். பதினோராம் வீட்டுக்காரர் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பன்னிரண்டாம் வீட்டுக்காரர் வக்கீல் பெயரைச் சொன்னார். பதிமூன்றாம் வீட்டுக்கு ஒரு பெண் எடுத்தாள். இவர் ஒப்பிப்பதை முழுவதும் கேட்டாள். பிறகு அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ரெண்டாவது மாடியா? எங்க மாமியாரால எந்திரிக்கவே முடியாது. அவங்களுக்காகத்தான் அந்த வீடே பாத்தோம். உங்களுக்கெல்லாம் வீட்ல வயசானவங்களே கிடையாதா? மனுஷங்கதானா நீங்க?"

"இலாகா உத்தரவும்மா" என்றார். அதே குரலில் மறுபடியும் சொன்னார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கையை நீட்டினாள். அவர் தயங்க, பிடுங்கிக்கொண்டாள்.

"ஏம்மா, அவன்கிட்ட கத்திப் புண்ணியமில்ல. அவன் மரம். பதினாலு என்னுது. உங்களுக்குப் பக்கத்து வீடு."

மறுமுனை அடங்கியது. பிறகு ஏதோ கேட்டது.

"ரெண்டு காலும்தான்" என்றாள் அக்கா. "உங்க மாமியாருக்கு எப்பலேர்ந்து?"

அவர் எழுந்து நாற்காலியை அவள் பின்னால் நகர்த்திவைத்தார். அவள் அவரைப் பார்க்காமலே உட்கார்ந்தாள்.

"ம்" என்றாள் தொலைபேசியில். "சொல்லுங்க, எனக்கு ஒரு வேலையும் இல்ல."