அத்தானின் க்ரீம் பட்டை

எங்கள் அத்தானுக்கு ஆட்களின் பெயர் மனதில் நிற்காது, பல் நிற்கும். பல்செட் கட்டுவதுதான் தொழில். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு ஜன்னலோர மேஜையில் நாளெல்லாம் உட்கார்ந்து, யாரோ ஒருவர் சிரிப்பதற்கும் கடிப்பதற்கும் ஏற்பாடு செய்துகொண்டிருப்பார். தெருவில் எதிர்ப்படுகிறவர் கையைத் தூக்கி நலம் விசாரித்துவிட்டுப் போனால், "யாருங்க அது?" என்று அக்கா கேட்பாள்.

"மேல் வரிசை முழுசு, கீழே ரெண்டு" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

அது பிழைப்பு. வாழ்க்கை சாப்பாட்டு மேஜைமேல் இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்தில் ஐந்து ரயில் பெட்டிகள். அவர் பிறப்பதற்கு முன்பே நிறுத்தப்பட்டுவிட்ட ஒரு பாசஞ்சர் வண்டியின் மாடல். அந்த வண்டியில் அவர் ஏறியதில்லை, ஏறியவர் யாரையும் தெரியவும் தெரியாது.

"அப்புறம் எதுக்குங்க இந்தப் பாடு?" என்பாள் அக்கா.

"யாராவது ஒருத்தர் சரியாச் செய்யணும் இல்ல?"

அந்த 'சரி'க்காகக் குடும்பமே சமையலறையில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது. விருந்தாளி வந்தாலும் அதே கதிதான். நான் போனால் எனக்கு மட்டும் ஒரு முக்காலி கிடைக்கும்.

சரியா தப்பா என்று சொல்லும் அதிகாரம் குட்டி ரயில் சங்கத்திடம் இருந்தது. சங்கத்துக்கு ஒரு வாடகைக் கூடம் உண்டு. அதில் மலை, சுரங்கம், பாலம், ஸ்டேஷன் என்று சுவருக்குச் சுவர் பெரிய தளம் அமைத்திருந்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை ஊரைக் கூப்பிட்டுக் கண்காட்சி நடத்துவார்கள். அன்றைக்குத் தளத்தில் வண்டி ஓட வேண்டுமென்றால், முந்தின நாள் கமிட்டி பெட்டியின் வர்ணம், எழுத்து, கைப்பிடி எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அத்தானுக்கு இரண்டு முறை தலை ஆடியது பக்கவாட்டில். ஒரு முறை, க்ரீம் பட்டை பெட்டியின் இரு முனையிலுள்ள முட்டுச் சுவரிலும் சுற்றி வந்திருக்கக் கூடாதாம். அடுத்த முறை, கழிப்பறை ஜன்னலுக்கு வழக்கமான கண்ணாடி போட்டுவிட்டார்.

"உள்ள இருக்கறவங்க மானம் என்னாகறது?" என்று கேட்டவர் கூட்ஸ்.

கூட்ஸ் என்பது பட்டப்பெயர். லாரி எடைமேடையில் வேலை. சரக்கு வண்டி மட்டும்தான் செய்வார். பயணிகள் வண்டி செய்கிறவர்கள் எல்லாரும் பொம்மைக்குப் பவுடர் போடுகிறவர்கள் என்பது அவர் கருத்து. கமிட்டியில் அவர்தான் பூதக்கண்ணாடி.

இந்த முறை தவறவே கூடாது என்று அத்தான் கங்கணம் கட்டிக்கொண்டார். பட்டை சரி, ஜன்னல் சரி, எழுத்து சரி. அரக்கு நிறத்தை ஏற்கெனவே கமிட்டி ஒப்புக்கொண்டுவிட்டது. மிச்சம் ஒன்றுதான். அந்தப் பட்டையின் க்ரீம் எந்த க்ரீம்? கிடைத்த போட்டோ எல்லாம் கறுப்பு வெள்ளை. சங்கத்தில் ஆளுக்கு ஒரு க்ரீம் வைத்திருந்தார்கள். பால் க்ரீம், வெண்ணெய் க்ரீம், பழைய தலையணை க்ரீம்.

விசாரித்ததில், அந்த வண்டியின் நிஜப் பெட்டி ஒன்று நகரத்தின் மறுகோடியில் சலூனாக இருப்பது தெரிந்தது. சக்கரத்தைக் கழற்றி, மேடை கட்டி, உட்காரவைத்து, உள்ளேயும் வெளியேயும் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார் சலூன்காரர். அத்தான் நேராகப் போய், "கொஞ்சம் சுரண்டிப் பாத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

"பெயிண்ட் அடிச்சு இன்னும் வாசனைகூடப் போகல சார். சுரண்டணும்னு வந்து நிக்கிறீங்களே! முடி வெட்டணுமா, உக்காருங்க. இல்லைன்னா வழி விடுங்க."

அத்தான் உட்கார்ந்தார். முதலில் சிநேகம், பிறகு சுரண்டல் என்பது திட்டம். அடுத்த வாரமும் உட்கார்ந்தார். அதற்கடுத்த வாரம் மீசை போயிற்று. கிருதா போயிற்று. தலை, மழைக்கு முந்திய வயல் மாதிரி ஆயிற்று. ஒரு நாள் நான் ஆபீஸ் போகிற வழியில் என்னைப் பார்த்துக் கையசைத்தார். யாரோ புது ஆள் என்று நானும் மரியாதைக்குக் கையசைத்துவிட்டுப் போனேன்.

"என்னங்க, உங்களுக்கு ஏதாவது வியாதியா? எங்கிட்ட மறைக்கிறீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆராய்ச்சிம்மா."

"தலைலயா?"

கடைசியில் சலூன்காரரே மனம் இரங்கினார். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "சார், இனி வெட்டணும்னா காத்தைத்தான் வெட்டணும். எனக்கே பாவமா இருக்கு. அந்தக் கண்ணாடியைக் கழட்டித் தரேன், பின்னாடி உள்ள இடத்தைச் சுரண்டிக்கங்க. அது முன்னாடி வெளிச்சுவர்தான், கடையை நீட்டிக் கட்டினப்ப உள்ள வந்துடுச்சு. ஆனா ஒண்ணு, அடுத்த தடவை முடி வளந்தப்புறம் வாங்க" என்றார்.

அத்தான் பையிலிருந்து பல் சுரண்டும் ஊசியை எடுத்தார். பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே ரோஸ், அதற்கும் கீழே சுண்ணாம்பு மாதிரி ஒன்று. அப்புறம், விரல் நகம் அளவுக்கு, க்ரீம்! நாக்கில் கட்டைவிரலைத் தொட்டு அந்த இடத்தைத் துடைத்தார். பல்லின் நிறம் பார்ப்பதற்காக மாதிரிப் பற்களை வரிசையாகக் கோத்த சட்டத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். சலூனில் காத்திருந்தவர்கள், சுவருக்குப் பல் கட்டுகிறார் போலிருக்கிறது என்று பத்திரிகையை மடித்துவிட்டுப் பார்த்தார்கள்.

நிறம் பொருந்தியது. டீ அதிகம் குடிக்கிற, ஐம்பது தாண்டிய ஆளின் கடைவாய்ப்பல். ஒரு செதிளைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு, காற்றில் மிதந்தபடி வீடு வந்தார். பெயிண்ட்டைக் கலக்கி ஐந்து பெட்டிக்கும் பட்டை அடித்து, பட்டையின்மேல் எழுத்துகளை ஒட்டி முடித்தார். அக்காவே, "அழகாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்காமல், கண்காட்சிக்கு முந்தின நாள் பெட்டிகளைத் துணியில் சுற்றி, கூடையில் அடுக்கி, அவளே கூடத்துக்குத் தூக்கி வந்தாள். கூட நானும்.

கமிட்டியில் இருவர். கூட்ஸும் சங்கத் தலைவரும். தலைவர் பூட்டுக்கடைக்காரர், சண்டை வந்தால் சுரங்கத்தைத் தூசி தட்டப் போய்விடுகிற சாது. கூட்ஸ் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். முட்டுச் சுவரில் பட்டை இல்லை. கழிப்பறையில் மானம் இருந்தது. கைப்பிடி, எழுத்து, எல்லாம் சரி. ஏமாற்றத்தோடு நிமிர்ந்து, "க்ரீம் கொஞ்சம் அழுத்தமா இருக்கே. எதை வெச்சு அடிச்சீங்க?" என்றார்.

அத்தான் இந்தக் கேள்விக்குத்தான் முடியைக் கொடுத்திருந்தார். தீப்பெட்டியைத் திறந்து செதிளைப் பட்டையின் மேல் வைத்தார்.

செதிள் வெளுப்பாக இருந்தது. பட்டை பழுப்பாக இருந்தது. எனக்கே தெரிந்தது.

"அப்படிப் பாக்கக் கூடாதுங்க" என்றார் அத்தான், கொஞ்சமும் அசராமல். "கொஞ்சம் நனைச்சுப் பாக்கணும்." நாக்கில் விரலைத் தொட்டுச் செதிளைத் தடவினார். இரண்டும் ஒன்றாயின. "பாத்தீங்களா?"

"எதுக்குங்க நனைக்கணும்?" என்றாள் அக்கா.

"என்னம்மா கேள்வி இது? நனைச்சுத்தானே பாக்கணும்! காஞ்சா வெளுப்பாத் தெரியும்."

"அது பல்லுக்குங்க. வாயில எச்சில் இருக்கும். ரயில்ல ஏது எச்சில்?"

அத்தானின் வாய் திறந்தபடியே இருந்தது. அவருடைய மேல் வரிசையை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். தொழில்காரர் பல்லாகச் சொல்ல முடியாது. தலைவர் சுரங்கத்தைத் தட்டப் போய்விட்டார்.

"ஆக, அஞ்சு பெட்டிக்கும் எச்சில் கலர்" என்றார் கூட்ஸ். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அடுத்த வருஷம் பாக்கலாம்."

"தப்பு என் மேலதான்" என்றார் அத்தான். செதிளை எடுத்துத் தீப்பெட்டியில் போட்டு மூடினார். எழுத்தை எல்லாம் உரித்து, பட்டையைத் திரும்ப அடித்து, காயவைத்து... காலையில் கண்காட்சி. நடக்கிற காரியமில்லை. ஒரு பெட்டியைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். மொட்டைத் தலையோடு அதைச் செய்ததுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

அக்காவுக்கும் சகிக்கவில்லை. அதைவிட, அந்த ஐந்து பெட்டியும் இன்னொரு வருஷம் சாப்பாட்டு மேஜைக்குத் திரும்பி வருவதை நினைத்திருப்பாள்.

"ஏங்கண்ணே," என்றாள் கூட்ஸைப் பார்த்து, "நிறம் தப்பு இல்லை, காஞ்சாத்தான் தப்பு, அப்படித்தானே?"

"அப்படின்னு வெச்சுக்கலாம்."

"அப்ப வண்டி மழையில வருது."

கூட்ஸ் யோசித்தார். "மழைன்னா பட்டை மட்டும் நனையுமா? அரக்கும் நனையணும். கூரையும் நனையணும்."

"பல்லுக்குப் பூசற பளபள வார்னிஷ் பையிலயே இருக்கு" என்றார் அத்தான். சுற்றிய துணியை அதற்குள் அவிழ்த்துவிட்டிருந்தார்.

"பூசுங்க. ஆனா ஸ்டேஷன்ல வெயில் அடிக்குது. அங்க பாருங்க, நிக்கற பொம்மை எல்லாத்துக்கும் நிழல்கூட வரைஞ்சிருக்கோம். வெயில்ல எப்படி நனைஞ்ச வண்டி வரும்?"

சுரங்கத்துக்குள் தலையை விட்டிருந்த தலைவரிடமிருந்து, "மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்யலாமே!" என்று குரல் வந்தது. "இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் மழை. வண்டி சுரங்கத்துல இருந்து இந்தப் பக்கம் வெளிய வருது, நனைஞ்சு வருது. என்ன தப்பு?"

சட்டத்தில் ஓட்டை இல்லையா என்று கூட்ஸ் நாலு பக்கமும் தேடினார். கிடைக்கவில்லை. "ஒரே திசையிலதான் ஓட்டணும். ரிவர்ஸ் எடுக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லித் தலையை மேலும் கீழும் ஆட்டினார். அத்தான் அந்தத் தலையாட்டலை, தங்கப் பல் கட்டியவர் கண்ணாடியைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது தலைவர் சுரங்கத்திலிருந்து முழுசாக வெளியே வந்தார். தலையெல்லாம் பஞ்சு மேகம். "ஒரு சந்தேகம். அதே லைன்ல, அதே சுரங்கம் வழியா, இவர் வண்டிக்குப் பின்னாடியேதானே உங்க நிலக்கரி வண்டியும் வருது?"

"ஆமா" என்றார் கூட்ஸ்.

"அது எப்படிங்க நனையாம வருது?"

கூட்ஸ் தளத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், தம் இருபது சரக்குப் பெட்டிகளைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அத்தானிடம் கையை நீட்டினார். அத்தான் வார்னிஷ் பாட்டிலையும் நல்ல பிரஷ்ஷையும் கொடுத்து, விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

"நிலக்கரிக்கு மேலயும் பூசுங்க" என்றார். "மூடி இல்லாத பெட்டி. மழை நல்லா இறங்கியிருக்கும்."