வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் கரெலின் தாய்க்காகக் காத்திருந்தோம்

1976 ஒக்டோபரில் நானும் மனைவி கமலாவும் சிட்னியிலிருந்து லண்டனுக்கு, அவளுடைய அண்ணனைப் பார்க்கப் போனோம். திரும்பும் வழியில் பிராக் போனதற்குக் காரணம் கரெல். சிட்னியில் லிட்கம் பகுதிப் பட்டறையில் என்னோடு வேலை செய்தவன். 1968இல் சோவியத் டாங்கிகள் பிராக்குக்குள் புகுந்தபோது தப்பி வந்தவன்; திரும்பிப் போனால் சிறைதான். "அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, எப்படி இருக்கிறா என்று சொன்னால் போதும்" என்று கேட்டான். ஞாயிறு மதியம் வென்செஸ்லாஸ் சதுக்கத்துக் குதிரைச் சிலையடியில் சந்திக்கலாம் என்று வியன்னாவில் இருந்த ஒரு நண்பர் மூலம் வீட்டுக்குச் சொல்லியும் அனுப்பியிருந்தான்.

வியன்னாவிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர் ரயில் பயணம். எல்லையில் வண்டியை நிறுத்தி, இருக்கைகளுக்கு அடியிலெல்லாம் விளக்கடித்துப் பார்த்தார்கள்.

சதுக்கம் என்பது பெயருக்குத்தான். முக்கால் கிலோமீட்டர் நீளமான அகன்ற தெரு அது; அன்றைக்கு நடுவே டிராம் ஓடியது. மேல்முனையில் அருங்காட்சியகம். டாங்கிகள் சுட்ட ஓட்டைகளை அடைத்த இடமெல்லாம் சுவரில் வெளிறித் தெரிந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது.

தாய் வரவில்லை. கறுப்புக் கோட்டுப் போட்ட இளம்பெண் ஒருத்தி வந்து, தான் கரெலின் தங்கை ஹனா என்றாள். தலைமயிர் பாதி நரைத்திருந்தது. கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். அம்மா வசந்த காலத்திலேயே இறந்துவிட்டதாகச் சொன்னாள். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"கடிதத்தை அவன் தனியாக இருந்து வாசிப்பான். நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள்."

படம் எடுக்க வேண்டாமென்றாள். கமலா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஹனா டிராமில் ஏறிப் போய்விட்டாள். அதற்குமேல் எங்களுக்கு ஊர் பார்க்க மனம் வரவில்லை.

சிட்னிக்கு வந்த மறுநாள், வேலை முடிந்ததும் கரெலை என் காரில் ஏற்றிவைத்துச் சொன்னேன். அவன் ஹனாவைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டான். நரையைச் சொன்னபோதுதான் அழுதான். அவளுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை.

பிராக் போகிறவர்கள் ஒக்டோபரில் கம்பளிக் கோட்டில்லாமல் போகாதீர்கள். சதுக்கத்தைக் கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி நடந்து பாருங்கள். அருங்காட்சியகச் சுவருக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். அங்கே யாருக்காவது செய்தி கொண்டுபோகிறீர்கள் என்றால், அங்கிருந்தும் ஒரு செய்தியைச் சுமந்து வரவேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போங்கள்.

நாங்கள் சிட்னிக்குத் திரும்பிய வாரத்து ஞாயிறு, கரெல் கத்தோலிக்கக் கோயிலில் தாய்க்காகப் பூசை ஒப்புக்கொடுத்தான். நாங்கள் சைவக்காரர், போவதா என்று எனக்குத் தயக்கம். "அந்தாளைத் தனிய விடாதேங்கோ, நாங்களும் போவம்" என்றாள் கமலா. கோயிலில் குடும்பத்தாருக்கென்று விட்டிருந்த முன்வரிசையில் அவன் மட்டும் இருந்தான். எங்களைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டான்.