ஆங்கிலத்தில் ஒரு விடுப்புக் கடிதம்

ஓடைப்பட்டி திராட்சை ஷெட்டில், ஆபீஸ் அறையில் என் மேசைக்குப் பின்னால் ஒரு பச்சைப் பலகை மாட்டியிருந்தேன். வேலையாட்கள் தரும் விடுப்புக் கடிதங்களில் உள்ள ஆங்கிலத் தவறுகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு அதில் குத்தி வைப்பது என் வழக்கம். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதியவர், ‘ரிட்டர்ன் பேக்’ என்று எழுதியவர், சித்தப்பா மகனைக் ‘கசின் பிரதர்’ ஆக்கியவர் என ஒருவரும் தப்பவில்லை. கடிதம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் நான் போட்ட சட்டம்தான். முதலாளி அப்படிக் கேட்டதே இல்லை. மதுரையில் படித்துவிட்டு வந்த தலைக்கனம் எனக்கு. ஊருக்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதாக நினைப்பு.

அங்கே சூப்பர்வைசராக இருந்தவர் கோம்பைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கொத்தைக் கையில் தூக்கிப் பார்த்தே எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். மச்சினர் கல்யாணத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒன்பது வட்டம் விழுந்தது. பெட்டி அடுக்கும் பெண்கள் முன்னால் அதை நான் உரக்க வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் விடுப்பே எடுக்கவில்லை. பொறுப்பான மனிதர் என்று முதலாளியிடம் நானே புகழ்ந்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஒரு திங்கட்கிழமை மார்பைத் தடவிக்கொண்டே வந்தார். “நெஞ்சப் பிடிக்கிற மாதிரி இருக்கு சார். ரெண்டு நாள் தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரவா? லெட்டர் தமிழ்ல எழுதித் தந்துரட்டா?”

“ஆபீஸ்னா ஒரு முறை இருக்குல்லண்ணே. இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்றேன். சொல்லிவிட்டுப் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். வேடிக்கைக்குத்தான். அவர் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார். செவ்வாயும் வந்தார், புதனும் வந்தார். வியாழக்கிழமை லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது அப்படியே உட்கார்ந்தார். தேனி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

பலகையை அன்றே கழற்றிவிட்டேன். இப்போது யாருக்கு விடுப்பு வேண்டுமென்றாலும் வாயால் சொன்னால் போதும் என்கிறேன். என்ன பிரயோசனம்? அறை வாசலில் யாராவது தயங்கி நின்றால் அவர்தான் நிற்பதாகத் தோன்றுகிறது. நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருக்கிறது.

அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோம்பை போயிருந்தேன். அவர் மனைவி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். சட்டைப் பையில் இருந்ததாம்.

“மகளோட டிக்சனரிய வச்சுக்கிட்டு மூணு நாளா எழுதுனாக சார். தப்பெல்லாம் போகட்டும், அப்புறம் குடுக்கேன்னு சொன்னாக. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. இதுல தப்பு இருக்கான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க.”

நான்கே வரி. இரண்டு இடத்தில் தவறு இருந்தது.

“ஒரு தப்பும் இல்லம்மா” என்றேன்.

அவர் தாளைத் திரும்ப வாங்கி மடித்தார்.

“அப்பக் குடுத்திருக்கலாமே சார்” என்றார்.