அப்பா மாற்றிய கடவுச்சொல்

பிரெஞ்சு பேசும் ரெனான் ஊரில் எங்கள் அடுக்குமாடியின் நிலக்கீழ் அறைக்கு, யாரோ ஓர் அலுவலகத்தார் கழித்துவிட்ட கணினியொன்று வந்து சேர்ந்தது. பதினைந்து தமிழ்க் குடும்பங்களுக்கும் அது ஒன்றுதான். மின்னஞ்சல் முகவரியும் ஒன்றுதான். ஊரில் கைப்பட எழுதிய கடிதங்களை அங்குள்ள கடைக்காரர் படமெடுத்து அந்த முகவரிக்கு அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை முதலில் திறப்பவர் எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பார். யாருடைய தங்கைக்குச் சம்பந்தம் குழம்பியதோ, அவருக்கு முன்பே அது மாடிப்படிகளுக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு அது நாகரிகமில்லாததாகப் பட்டது. பன்னிரண்டு வயது. வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய ஒரே ஆள் நான்தான். பொதுக் கணினியைப் பயன்படுத்தும் முறையைப் பள்ளியில் அப்போதுதான் கற்பித்திருந்தார்கள். குடும்பத்துக்கொரு முகவரி திறந்து, கடைக்காரருக்கும் அறிவித்து, கடவுச்சொற்களைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். அதை ஒருவருக்கும் சொல்லக்கூடாதென்று சுவரிலும் ஒட்டினேன்.

“என்ரை மனுசனுக்கும் சொல்லக்கூடாதோ?” என்று மேல்மாடி மாமி கேட்டார்.

“அப்ப இனி நான் நிம்மதியா எழுதலாம்,” என்றார் பின்னால் நின்ற அவருடைய மனுசன்.

அப்பாவைப் பழக்குவதுதான் கடினமாக இருந்தது. உணவகத்தில் கோப்பை கழுவி ஊறிய விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்துவார். அம்மா அப்போது தம்பியைச் சுமந்துகொண்டிருந்தார். முந்திய பிள்ளை தங்காததால் படியிறங்க வைத்தியர் விடவில்லை. ஊரில் சண்டை நடக்கும் பக்கம் அகப்பட்டிருந்த தன் தம்பி, எங்கள் சின்னமாமாவின் கடிதத்துக்காகக் கதவடியில் காத்திருப்பார்.

“வந்ததோ?” என்பார், அப்பா மேலே வந்ததும்.

“இல்லை. அங்கை லைன் இல்லையாம். வரும்.”

இப்படி ஏழு ஞாயிறுகள் போயின. எட்டாவது ஞாயிறு, அப்பா சரியாகத்தான் திறக்கிறாரோ என்று பார்க்க நான் தனியே இறங்கிப்போய் எங்கள் கடவுச்சொல்லை அடித்தேன். திறக்கவில்லை. அப்பா மாற்றியிருந்தார். மாற்றும் வழியை நான் அவருக்குக் காட்டியதே இல்லை.

மேலே வந்து கேட்டேன்.

“ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு நீதானே பிள்ளை எழுதி ஒட்டினனீ,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

சின்னமாமா ஷெல் பட்டு இறந்துபோனதைத் தம்பி பிறந்து பத்தாம் நாள்தான் அப்பா சொன்னார். அதைச் சொல்லும் கடிதம் நான் முகவரி திறந்து கொடுத்த முதல் ஞாயிறே வந்திருந்தது. பழைய வழக்கம் இருந்திருந்தால் செய்தி அன்றே அம்மாவிடம் போயிருக்கும். தம்பி என்னவாகியிருப்பானோ தெரியாது. ஆனால் கீழே அந்த அறையில், யாராவது ஒருவர் அப்பாவின் தோளைப் பிடித்திருப்பார்.

அந்த எட்டாவது ஞாயிறு எனக்கு இதெல்லாம் தெரியாது. பிரெஞ்சு ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாத மனிதர் தானாகவே கடவுச்சொல்லை மாற்றிவிட்டார் என்று அம்மாவிடம் பெருமையடித்தேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பிறகு, “இன்னொருக்காப் பாத்திட்டு வாறன்,” என்று சொல்லிக் கீழே இறங்கிப் போனார்.

இவ்வளவு ஆர்வமான மாணவர் எனக்கு வேறு யாருமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.